அளந்து வைப்போம்

சென்ற வாரம் வகுப்பில் மாணவி ஒருத்தி, "சுனாமிக்கு முந்தி எங்கட கடற்கரைத் தெரு எப்பிடி இருந்தது சேர்?" என்று வினவினாள். நாம் நினைவிலிருந்து கரும்பலகையில் வரைந்து காட்டினோம். அவ்வழியே வந்த சக ஆசிரியர் இருவர் தலையசைத்து மறுத்து, தாமும் வரைந்தனர். மூன்று படங்கள், மூன்று வேறு தெருக்கள்!

2004 டிசம்பர் 26ஆம் நாள் இலங்கையில் மிகுதியான உயிர்களைப் பறிகொடுத்தது எமது அம்பாறை மாவட்டமே. போன உயிர் மீளாது. கட்டடமோ, அதன் அளவு எஞ்சியிருப்பின் மீளக்கூடும்.

பாரிஸ் நகரின் நோத்ர தாம் பேராலயம் இதற்குச் சான்று. 2010ஆம் ஆண்டளவில் அமெரிக்கப் பேராசிரியர் அன்ட்ரூ டாலன் அதனை லேசர்க் கருவியால் அளந்தார். மூன்று கால்களில் நிற்கும் அக்கருவி ஒளிக்கதிரை எறியும். சுவரிற் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணிக்கும். இவ்வாறு பெற்ற கோடிக்கணக்கான புள்ளிகள் ஒன்றுசேர, ஆலயத்தின் வடிவம் கணினியில் எழுந்தது. டாலன் 2018இல் மறைந்தார். மறு ஆண்டு ஏப்ரல் 15இல் ஆலயம் தீப்பற்றியது. மீளக் கட்டியோருக்கு அவர் விட்டுச்சென்ற அளவுகள் பேருதவியாயின. 2024 டிசம்பரில் ஆலயக் கதவுகள் மீண்டும் திறந்தன.

இனி, எமது ஊர்களை நோக்குவோம். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் சாஹுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக ஆண்டுதோறும் கொடியேறுகின்றது. அயலிலுள்ள பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் ஆலயத்தில் தீமிதிப்பு நிகழ்கின்றது. இத்தகைய இடங்களின் அளவேடுகள் நிருவாகிகளின் கைவசம் உளவா? அலைக்கு மட்டும் அஞ்சினாற் போதாது. புதுப்பிக்கும் ஆர்வமும் பழைய தூணையும் மாடத்தையும் ஒரே நாளிற் பெயர்த்துவிடும் அன்றோ?

லேசர்க் கருவி விலை மிக்கதுதான். அது கைக்கு எட்டும்வரை அளவுநாடாவும், பல கோணங்களில் எடுத்த புகைப்படங்களும், முதியோர் வாய்மொழிக் குறிப்புகளும் உதவும். ஒன்றை மட்டும் மறத்தலாகாது: அளவேட்டின் ஒரு பிரதி கடலுக்குத் தொலைவான ஊரொன்றில் இருத்தல் வேண்டும். இன்றேல் அடுத்த அலை அதனையும் கொண்டுபோகும்.

மறுநாள் அம்மாணவி, தையற்காரரான தன் தந்தையின் அளவுநாடாவுடன் வந்து நின்றாள். எமது பாடசாலையின் பழைய மண்டபத்திலிருந்து தொடங்கியிருக்கின்றோம்.