பொய்க்குரலும் மெய்க்கேடும்

"பொய்தானே! வெடிக்கவில்லையே! பின் ஏன் இத்தனை பதற்றம்?" வெடிகுண்டுப் புரளி எழுந்து அடங்கும் ஒவ்வொரு முறையும் இவ்விதம் கேட்டு நகைத்து நகர்வோர் உளர். அவர்கட்கு மறுமொழி கூறியாக வேண்டும்.

2024-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள். மதுரையிலிருந்து சிங்கப்பூர் நோக்கிச் சென்ற விமானத்தில் குண்டு இருப்பதாக ஒரு செய்தி பரவிற்று. சிங்கப்பூர் வான்படையின் போர் விமானங்கள் இரண்டு விரைந்தெழுந்தன. மக்கள் நெருங்கி வாழும் பகுதிகளை விட்டு அதனை விலக்கி அழைத்துச் சென்றன. இரவு பத்து மணியளவில் சாங்கி நிலையத்தில் இறங்கிற்று. தேடினர், ஒன்றுமில்லை. அதே நாளில், தில்லியிலிருந்து சிகாகோ சென்ற விமானம் கனடாவின் வடகோடியிலுள்ள இக்காலுயிட் என்னும் சிற்றூரில் இறக்கப்பட்டது. 200-க்கும் மேற்பட்டோர் நடுவழியில் தவித்தனர். கனடா வான்படை தன் விமானத்தை அனுப்பி அவர்களைச் சிகாகோவில் சேர்த்தது. அங்கும் ஒன்றுமில்லை!

அவ்வாண்டு நவம்பர் நடுப்பகுதிக்குள் இந்திய விமானங்களுக்கு வந்த பொய் மிரட்டல்கள் ஏறத்தாழ ஆயிரம். வானோடு நின்றதா இக்கொடுமை? அதே ஆண்டு பிப்ரவரி 8-ஆம் நாள் சென்னையில் 13 பள்ளிகளுக்கு மின்னஞ்சல் மிரட்டல் வந்தது. போட்ட வேலையைப் போட்டபடி விட்டுப் பள்ளி வாயிலுக்கு ஓடினர் பெற்றோர். ஒன்றுமில்லை என்று நகைப்போர், அன்று அந்த வாயிலில் நின்ற ஒரு தாயின் முகத்தைப் பார்த்து அதனைச் சொல்வார்களா?

ஆயினும், தோழர்களே, பதற்றத்தினும் பெரிய கேடு ஒன்றுண்டு. புலி வருகிறது என்று பொய்யாய்க் கூவிய இடையன் கதையை நாமனைவரும் அறிவோம். கதையில் இழப்பு பொய் சொன்னவனுக்கே. இங்கோ பொய்யன் எங்கோ பத்திரமாய் அமர்ந்திருக்கிறான்; மெய்யாகவே புலி வரும் நாளில் மாளப்போவது ஒரு பாவமும் அறியாத பயணி!

கற்பனை அன்று இது. 1984 ஆகஸ்டு 2-ஆம் நாள் இரவு, நம் மீனம்பாக்கம் விமான நிலையம். பெட்டியில் குண்டு இருப்பதாகத் தொலைபேசியில் எச்சரிக்கை வந்தது. வந்தும், காலத்தில் அவ்விடம் காலி செய்யப்படவில்லை. பெட்டி வெடித்தது, முப்பது பேருக்கு மேல் மாண்டனர். அடுத்த ஆண்டு ஜூன் 23-ஆம் நாள் அட்லாண்டிக் கடல்மீது கனிஷ்கா விமானம் வெடித்துச் சிதறி, 329 உயிர்கள் அழிந்தன. முன்கூட்டி வந்த எச்சரிக்கைகள் உரிய மதிப்புப் பெறவில்லை என்று 2010-இல் கனடா விசாரணை ஆணையம் கூறிற்று. அக்காலத்திலேயே இந்நிலை என்றால், ஆயிரம் பொய்களைக் கேட்டுச் சலித்த செவி, ஆயிரத்தோராவது மெய்யை எவ்வாறு கேட்கும்?

அரசு என்ன செய்தது? 2024 டிசம்பரில் விமானப் பாதுகாப்பு விதிகளைத் திருத்திற்று. ஒரு கோடி ரூபாய் வரை அபராதம் என்றது. புரளி கிளப்புவோரை விமானத்தில் ஏறவொட்டாமல் தடுப்போம் என்றும் பேசினர். நன்று! ஆனால், பெயர் தெரியாதவனுக்கு எத்தனை கோடி விதித்தால் என்ன? விமானமே ஏறாதவனுக்குப் பயணத் தடை எதற்கு? தண்டனையின் கனத்தைக் கண்டு குற்றவாளி அஞ்சுவதில்லை. அகப்படுவது உறுதி என்றால்தான் அஞ்சுவான். அயல்நாட்டுக் கணினிகளைச் சுற்றி முகம் மறைத்து வரும் அஞ்சலின் வேரைக் கண்டறியும் வல்லுநர் காவல்துறையில் போதிய அளவு வேண்டும். செய்தியைச் சுமந்து பொருளீட்டும் சமூக ஊடக நிறுவனங்கள், கேட்ட அன்றே விடையளிக்க வேண்டும். வழக்கு விரைந்து முடிய வேண்டும். இவற்றைச் செய்யாமல் அபராதத் தொகையை மட்டும் உயர்த்துவது, பூட்டில்லாத கதவுக்குப் பொன்முலாம் பூசுவதற்கு ஒப்பாகும்.

நமக்கும் கடமை உண்டு. அந்த அக்டோபரில் பிடிபட்ட ஒருவன் 17 வயதுச் சிறுவன். பணத் தகராறில் பகைத்த ஒருவனைச் சிக்கவைக்க, அவன் பெயரால் மிரட்டல் விடுத்தான் என்றது காவல்துறை. மிரட்டலின் அடியில் உள்ள பெயர் சான்றாகாது என்பதற்கு வேறென்ன வேண்டும்? அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு ஒரு சமயத்தாரை, ஓர் இனத்தாரைக் குற்றக்கூண்டில் ஏற்றுவோர், பொய்யன் எழுதிய நாடகத்தில் கூலியின்றி நடிப்பவரே!

ஆகவே, ஆராயாத செய்தியை அடுத்தவருக்கு அனுப்பாதீர், காவல்துறைக்கு அறிவியுங்கள். வெளியேறச் சொன்னால், எள்ளாமல் வெளியேறுங்கள். இது விளையாட்டன்று என்பதனை வீட்டுப் பிள்ளைக்கு எடுத்துரையுங்கள். நாட்டில் மெய்யான எச்சரிக்கைக்கு உள்ள மதிப்பே மக்களின் காவல். அதனைக் களவாடுபவன் குண்டு வைக்காமலே கொலைக்கு வழி செய்கிறான்!