காகிதம் வராத பில்

சென்ற மாதம் ஒரு நாள் என் அக்கா பெண் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றாள். மொத்த மருந்துக் கடை ஒன்றில் பில் போடும் உத்தியோகம் அவளுக்கு. அன்று பில்லைப் போட்டிருக்கிறாள், காகிதம் வரவில்லை. எதிரே ஐந்தாறு பேர் காத்து நிற்கிறார்கள். பதற்றத்தில் அதே பில்லை மறுபடி போட்டாள். இன்னொரு தரமும் போட்டாள். சாயங்காலம் பார்த்தால் ஒரே மருந்துக்கு மூன்று பில்! இரண்டு பில்லின் பணம் பெட்டியில் இல்லை.

"சம்பளத்தில் பிடித்துவிடுவார்களா, சித்தி?" என்றாள்.

சகோதரிகளே, உங்களில் சிலர் ஆபீசிலும் இந்தப் பழைய யூனிக்ஸ் கணக்கு இருக்கும். கறுப்புத் திரை, வெறும் எழுத்து, மௌஸுக்கு வேலையே கிடையாது. அதை வைத்திருக்கும் பெரிய யந்திரம் எங்கோ இருக்கிறது. உங்கள் மேஜைமேல் பிரிண்டர் இருப்பதே அதற்குத் தெரியாது! காகிதம் வந்தாலும் வராவிட்டாலும் பில் அங்கே பதிவாகிவிடும். ஆகையால் முதலில் பில் நம்பர் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழுந்திருந்தால் மறுபிரதிதான் கேட்கவேண்டும். புதுப் பில் கூடாது.

பிறகு எப்படித்தான் அச்சாகிறது என்கிறீர்களா? 1983-ல் வந்த வி.டி.220 என்ற டெர்மினலின் முதுகில் பிரிண்டரை மாட்ட ஓர் இடம் உண்டு. பெரிய யந்திரம் எழுத்துக்களை அனுப்பிக்கொண்டே வந்து, நடுவில் ஒரு ரகசியக் குறி அனுப்பும்: எஸ்கேப், சதுர அடைப்புக்குறி, 5, சின்ன ஐ. கூடத்தில் நாலு பேர் இருக்கையில் குழந்தையைக் கூப்பிட்டு, "இனிமேல் சொல்வதைப் பாட்டி காதில் மட்டும் சொல்" என்போமே, அதுதான். அதன்பின் வருவது திரையில் தெரியாமல் பிரிண்டருக்குப் போகும். 5-க்குப் பதில் 4 வந்தால் "போதும்" என்று அர்த்தம்.

இன்று டெர்மினல் போய், அதன் வேஷம் போடும் புரோகிராம் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அவற்றில் ஒன்றுக்குப் பெயர் புட்டி. சிரிக்காதீர்கள், நிஜமாகவே அதுதான் பெயர்! அதில் பிரிண்டர் பெயரை நாமே தேர்ந்தெடுத்து வைக்கவேண்டும். வைக்காவிட்டால் பில் முழுவதும் திரையிலேயே கொட்டிவிடும். தேர்ந்தெடுத்ததைச் சேமித்தும் வைக்கவேண்டும். இல்லாவிட்டால் இன்று வந்த காகிதம் நாளைக் காலை வராது. என் அக்கா பெண் கதையும் பெயர்க் கதைதான். முதல் நாள் பழைய பிரிண்டரை எடுத்துப் புதிது வைத்திருக்கிறார்கள். புட்டியோ இல்லாத பிரிண்டரின் பெயரையே பிடித்துக்கொண்டிருந்தது.

திரை அப்படியே உறைந்துபோய், எந்த எழுத்தைத் தட்டினாலும் தெரியவில்லையா? "போதும்" என்ற குறி வந்து சேரவில்லை. எல்லாம் பாட்டி காதுக்கே போய்க்கொண்டிருக்கிறது! அந்தச் சமயம் கண்டபடி தட்டாதீர்கள். தட்டுவதெல்லாம் அங்கே பதிவாகக்கூடும்.

பிரிண்டரையும் கவனிக்கவேண்டும். புள்ளி புள்ளியாக அடிக்கும் பழைய டாட் மாட்ரிக்ஸ் வெறும் எழுத்தைப் புரிந்துகொள்ளும். மலிவான புதுப் பிரிண்டர்களில் பலவற்றுக்குக் கம்ப்யூட்டர் படமாக வரைந்து கொடுத்தால்தான் புரியும். வெறும் எழுத்தை அனுப்பினால் வாய் திறக்காது. சில லேசர் பிரிண்டர்களோ பக்கம் நிரம்பும்வரை காகிதத்தை வயிற்றிலேயே வைத்துக்கொண்டு விளக்கை மட்டும் சிமிட்டும்.

வரிகள் மாடிப்படி மாதிரி இறங்கி இறங்கி வலப்பக்கம் ஓடினால், டைப் அடித்துப் பழகியவர்களுக்குச் சட்டென்று விளங்கும்: காகிதம் ஒரு வரி ஏறிவிட்டது, வண்டியை இடப்பக்கம் தள்ளவில்லை. இதைப் பெரும்பாலும் யூனிக்ஸ் பக்கத்தில் சரிசெய்யலாம். உங்கள் தப்பு இல்லை.

எங்கே கோளாறு என்று தெரியாவிட்டால், யூனிக்ஸைக் கவனிப்பவரிடம் அந்த இரண்டு குறிகளுக்கு நடுவில் ஒரே ஒரு வார்த்தையை வைத்து அனுப்பச் சொல்லுங்கள். அது காகிதத்தில் வந்துவிட்டால் உங்கள் மேஜை சுத்தம். பில் புரோகிராமை அவரே குடையட்டும்.

மறுநாள் என் அக்கா பெண் மூன்று பில் நம்பர்களையும் துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு போனாள். மணி மூன்றிலும் இரண்டு நிமிஷத்துக்குள், மருந்து ஒன்றே, வாங்கியவரும் ஒருவரே. மானேஜர் பார்த்துவிட்டு இரண்டை ரத்துசெய்தார். சம்பளத்தில் கைவைக்கவில்லை.