கைப்பேசி வானொலி ஏன் பின்தங்குகிறது?

சமையலறை வானொலிப் பெட்டியில் 96.3-இல் மின்னல் எஃப்எம்மை வையுங்கள். அதே நிலையத்தைக் கைப்பேசியில், இணையம் வழியாக, வரவேற்பறையில் ஒலிக்க விடுங்கள். அறிவிப்பாளர் சமையலறையில் சிரித்து முடித்து, அடுத்த பாட்டும் தொடங்கிய பிறகுதான் வரவேற்பறையில் சிரிப்பார்.

உடனே இணைய நிறுவனத்தைத் திட்ட வேண்டாம். வேகமான இணைப்பு போட்டாலும் இந்தத் தாமதம் முழுதாகப் போகாது. பெரும்பகுதி, செயலி தெரிந்தே எடுத்துக்கொள்ளும் அவகாசம்.

தண்ணீர்த் தடை கிள்ளான் பள்ளத்தாக்குக்காரர்களுக்குப் புதிதா என்ன? வெளியே வரத்து நின்றாலும் கூரைத் தொட்டியில் நீர் உள்ளவரை வீட்டுக் குழாய் ஓடும். கைப்பேசியிலும் அப்படியொரு தொட்டி உண்டு. அதைத்தான் பஃபர் என்கிறோம். இணையத்திலிருந்து ஒலி விட்டுவிட்டு வந்து அதில் நிறைய, நம் காதுக்குச் சீராகப் போகிறது. இடப் பிரச்சினையும் இல்லை. 128 கிலோபிட் தரத்தில் நொடிக்கு 16 கிலோபைட். அரை நிமிடத்துக்கு வெறும் 480 கிலோபைட்.

அப்படியானால் ஐந்து நிமிடம் சேர்த்து வைத்தால் என்ன? பதிவான பாட்டென்றால் வைக்கலாம், முழுப் பாட்டையும் முன்பே இறக்கிவிடலாம். நேரலையில் அது நடக்காது. அறிவிப்பாளர் இன்னும் பேசாததை எங்கிருந்து சேர்ப்பது? அரை நிமிடம் கையிருப்பு வேண்டுமானால் அரை நிமிடம் பிந்தித்தான் கேட்க வேண்டும். ஆப்பிள் 2009-இல் கொண்டுவந்த எச்எல்எஸ் முறையில் ஒலியைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி அனுப்புகிறார்கள். செயலி வழக்கமாக மூன்று துண்டுகள் பின்னாலிருந்து தொடங்கும். துண்டுக்கு ஆறு நொடி என்றால் அங்கேயே 18 நொடி போச்சு.

செராஸ்வாசிகளுக்கு இதன் பலன் எம்ஆர்டியில் தெரியும். நகரிலிருந்து வரும் காஜாங் தடம் மாலுரி வரை நிலத்தடி. தாமான் பெர்த்தாமாவில்தான் மேலே இருக்கும். சுரங்கத்தில் சிக்னல் தடுமாறும்போது தொட்டியில் 20 நொடி ஒலி இருந்தால் அதுவரை எதுவும் தெரியாது. அதன் பிறகே அந்தச் சுற்றும் வட்டம். சிக்னல் திரும்பியதும் சில செயலிகள் விட்ட இடத்திலிருந்து தொடரும், தாமதம் இன்னும் கூடும். சில நேராக நேரலைக்குத் தாவும், நடுவில் பேசியது போனது போனதுதான். ரொம்பப் பின்தங்கிவிட்டதாகத் தோன்றினால் செயலியை முழுதாக மூடித் திறங்கள். பயணத்துக்குப் பாட்டு மட்டும் போதுமென்றால் வீட்டு வைஃபையிலேயே இறக்கிக்கொள்ளுங்கள்.

என் ஆதங்கம் வேறு. முதலில் அழைப்பவருக்குப் பரிசு என்று வானொலியில் போட்டி வைக்கும்போது, காரில் எஃப்எம் கேட்பவர் எண்ணை அழுத்தி முடித்திருப்பார். கைப்பேசியில் கேட்பவருக்குக் கேள்வியே வந்திருக்காது. அழைப்புக்குப் பதில் வாட்ஸ்அப்பில் விடை வாங்கி, ஐந்து நிமிடம் கழித்துக் குலுக்கல் போட்டால் நிலையங்களுக்கு என்ன நட்டம்? அதுவரை, பரிசு வேண்டுவோர் எஃப்எம் பக்கம் போய்விடுவதே நல்லது.