கட்டணம் கண்ணில் படட்டும்

பயணச்சீட்டு வாங்காமல், கையிலிருக்கும் வங்கி அட்டையையே பேருந்திலும் ரயில் நிலைய வாயிலிலும் உள்ள கருவியில் காட்டிப் பயணம் செய்யும் முறை லண்டன், நியூயார்க், சிட்னி, சிங்கப்பூர் முதலிய பெருநகரங்களில் வேரூன்றிவிட்டது. கருவியில் செருகாமல், அருகில் காட்டினாலே பணம் செலுத்திவிடும் இந்த ‘கான்டாக்ட்லெஸ்’ அட்டைகளால், புதிதாக வந்திறங்கும் வெளிநாட்டவர்கூடச் சில்லறை தேடாமல், வரிசையில் நிற்காமல் உடனே பயணத்தைத் தொடங்கிவிட முடிகிறது. வரவேற்க வேண்டிய வசதிதான் இது. ஆனால், இந்த வசதியைக் காரணம் காட்டிப் பிற வழிகளை அடைப்பதும், கொடுக்கும் கட்டணம் எவ்வளவு என்பதைப் பயணி அந்த இடத்திலேயே அறிய முடியாமல் செய்வதும் ஏற்கத்தக்கவை அல்ல.

லண்டனில் 2012 டிசம்பரில் பேருந்துகளிலும், 2014 செப்டம்பரில் சுரங்க ரயிலிலும் நடைமுறைக்கு வந்த இந்த ஏற்பாடு, கடைகளில் அட்டையால் பணம் செலுத்துவதிலிருந்து வேறுபட்டது. கடையில் பெரும்பாலும் வங்கியின் ஒப்புதல் வந்த பிறகே பொருள் கைமாறுகிறது. நெரிசல் நேரத்து ரயில் வாயிலிலோ எவரையும் அரை நொடிக்கு மேல் நிறுத்திவைக்க இயலாது என்பதால், அட்டை போலியானதா, தடைப்பட்டியலில் உள்ளதா என்பவற்றை மட்டும் சரிபார்த்துக் கதவு திறந்துவிடுகிறது. ஏறிய இடமும் இறங்கிய இடமும் மையக் கணினியில் பதிவாகி, நாள் முடிந்த பின் கட்டணம் மொத்தமாகக் கணக்கிடப்பட்டு வங்கியிடம் வசூலிக்கப்படுகிறது. இவ்வாறு மொத்தக் கணக்கு பார்ப்பதால்தான், எத்தனை முறை பயணம் செய்தாலும் குறிப்பிட்ட தொகைக்கு மேல் பிடிக்காத நாள் உச்சவரம்பையும், திங்கள் முதல் ஞாயிறு வரையிலான வார உச்சவரம்பையும் லண்டனில் வழங்க முடிகிறது. ஒற்றைப் பயணச் சீட்டா, நாள் சீட்டா, எது மலிவு என்று ஆராயும் சுமை இதனால் பயணியை விட்டு நீங்குகிறது.

கணக்கு மையக் கணினிக்கு இடம்பெயர்ந்துவிட்டதன் மறுபக்கம், வாயிலைக் கடக்கும் பயணிக்குக் கட்டணம் தெரியாமற்போவது. சிங்கப்பூரில் 2024 ஜனவரியில் இதுவே பெரும் சர்ச்சையாயிற்று. முன்பணத்தின் கணக்கை அட்டையிலேயே வைத்திருக்கும் பழைய ஈஸி-லிங்க் அட்டைகளை ஜூன் 1 முதல் கைவிட்டு, மையக் கணக்கில் இயங்கும் சிம்ப்ளிகோ முறைக்குப் பெரியவர்கள் மாற வேண்டும் என்று நிலப் போக்குவரத்து ஆணையம் அறிவித்தது. பழைய அட்டையைக் காட்டினால், கழிக்கப்பட்ட தொகையும் மீதித் தொகையும் வாயிலின் சிறு திரையில் தெரியும். சிம்ப்ளிகோவிலோ அவற்றை அறியக் கைபேசிச் செயலி போன்ற பிற வழிகளை நாட வேண்டும். எதிர்ப்பு வலுக்கவே, அறிவிப்பு வெளியாகி இரண்டு வாரம் முடிவதற்குள் அரசு முடிவை மாற்றிக்கொண்டு, கூடுதலாக 4 கோடி வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) செலவிட்டுப் பழைய முறையைக் குறைந்தது 2030 வரை தொடர்வதாக அறிவித்தது.

இரண்டு முறைகளை ஒருசேர நடத்துவது வீண்செலவு என்னும் வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. பழைய கருவிகளைப் பராமரிக்கும் செலவும் இறுதியில் பொதுமக்கள் தலையில்தான் விழும். எனினும், காகிதச் சீட்டில் அச்சாகியிருந்த விலையும், முன்பண அட்டைக் காலத்தில் திரையில் தெரிந்த விலையும், தொழில்நுட்பம் மேலும் வளர்ந்த நிலையில் மறைந்துபோவதை முன்னேற்றம் என்று கொள்வதற்கில்லை. மீதியைப் பார்த்துப் பார்த்துச் செலவிடுபவருக்கும், செயலிகளில் பழகாத முதியவருக்கும் அந்தச் சிறு திரைதான் கணக்குப் புத்தகம். அன்றியும், வங்கி அட்டை தன்னை வைத்திருப்பவரின் வயதைச் சொல்வதில்லை. முதியோருக்கும் மாணவருக்கும் சலுகைக் கட்டணம் வழங்கத் தனி அட்டைகள் இன்றும் தேவைப்படுகின்றன.

வெளிநாட்டுப் பயணிக்கும் மறைவான செலவுகள் உண்டு. பிற நாடுகளில் வழங்கப்பட்ட விசா, மாஸ்டர்கார்டு அட்டைகளைப் பயன்படுத்தும் ஒவ்வொரு நாளுக்கும் சிங்கப்பூரில் 60 காசு நிர்வாகக் கட்டணம் விதிக்கப்படுகிறது. ஒரு வெள்ளியைச் சற்றே தாண்டும் குறுந்தொலைவுப் பயணத்துக்கு இது பெருஞ்சுமை. இதற்கு மேல் வங்கியின் அயல்நாணய மாற்றுக் கட்டணமும் சேரும். அட்டையைக் காட்டி உள்ளே சென்று, அதே அட்டை பதிவான கைபேசியைக் காட்டி வெளியே வந்தால், கணினி இவற்றை இருவேறு பயணிகளாகக் கருதி, இரண்டையும் முடிவுறாப் பயணங்களாகக் கணக்கிட்டுவிடும். இந்தியாவிலிருந்து செல்பவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இந்திய ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 2020 அக்டோபர் முதல் இந்தியாவில் வழங்கப்படும் புதிய அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடும் கான்டாக்ட்லெஸ் வசதியும் வாடிக்கையாளர் கேட்டுப் பெற்றாலன்றிச் செயல்படாது. மோசடியைத் தடுக்கும் நல்ல விதிதான். இதை அறியாமல் விமானம் ஏறியவருக்கு மட்டும் அயல்நாட்டு ரயில் வாயில் திறக்காமல் போகலாம்.

ஆகவே, இம்முறையைக் கையாளும் நகரங்கள் மூன்று கடமைகளை ஏற்க வேண்டும். குறைந்த கட்டணம் எது என்பதைக் கணினியே கண்டறியக்கூடிய நிலையில், நாள், வார உச்சவரம்புகள் தாமாகவே அனைவருக்கும் கிடைக்க வேண்டும். வங்கிக் கணக்கோ கைபேசியோ இல்லாதவரும் பணம் கொடுத்து வாங்கிப் பயன்படுத்தத்தக்க அட்டை ஒன்று எப்போதும் இருக்க வேண்டும். கட்டணம், வாயிலிலோ நிலையத்துக்குள் எளிதில் அணுகத்தக்க பொதுத் திரையிலோ பயணிக்குத் தெரிய வேண்டும். சிங்கப்பூர் பெற்றுள்ள 2030 வரையிலான அவகாசம் இந்த மூன்றாவது கடமையை நிறைவேற்றுவதற்கே முதலில் செலவிடப்பட வேண்டும். அதுவரை பழைய அட்டையைக் கைவிடும் பேச்சுக்கு இடமில்லை.