கடலை எரித்த கிரகத்தில் ஒரு தீப்பெட்டி!

'வரும்போது ரொட்டியும் மக்ரோனியும் வாங்கிட்டு வாங்க' என்று மனைவி அனுப்புகிறார். மாஸ்கோவில் கட்டட வேலை மேற்பார்வையாளராக இருக்கும் விளாதிமிர் கடைக்குக் கிளம்புகிறார். வழியில் கையில் வயலினோடு ஒரு கல்லூரி மாணவன் அவரை நிறுத்துகிறான். 'சார், அங்கே ஒருத்தர் வேற்றுக்கிரகத்துல இருந்து வந்திருக்கேன்னு சொல்றார்.'

குளிரில் செருப்புகூட இல்லாமல் நிற்கிறார் அந்த ஆள். கையில் ஒரு சின்ன கருவி. 'உங்கள் கிரகத்தின் எண் என்ன?' என்று கேட்கிறார். மேற்பார்வையாளருக்குச் சிரிப்புதான் வருகிறது. பேச்சை முடித்து வைக்க, கருவியில் இருந்த பொத்தானை அழுத்திவிடுகிறார்.

அடுத்த நொடி, அவரும் மாணவனும் மணல்வெளியில் நிற்கிறார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை எதுவும் இல்லை. 'இது கரகும் பாலைவனமாத்தான் இருக்கும். இப்படியே நடந்தா அஷ்காபாத் வந்துடும்' என்று மாணவனுக்குத் தைரியம் சொல்லி நடக்கத் தொடங்குகிறார்.

1986-ல் சோவியத் யூனியனில் வந்த 'கின்-ட்ஸா-ட்ஸா!' படம் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. இயக்கியவர் கியோர்கி டனேலியா. 'மிமினோ' போன்ற படங்களில் சிரிப்பையும் சோகத்தையும் ஒரே தட்டில் பரிமாறியவர். அப்படிப்பட்டவர் ஒரு வேற்றுக்கிரகப் படம் எடுத்தார் என்பதே ஒரு வேடிக்கை. இன்னொரு வேடிக்கையும் உண்டு. 'கரகும்' என்று மேற்பார்வையாளர் தப்பாக நினைக்கும் அந்தப் பாலைவனக் காட்சிகள் நிஜமாகவே துர்க்மேனிஸ்தானின் கரகும் பாலைவனத்தில்தான் எடுக்கப்பட்டன!

தீக்குச்சிதான் தங்கம்

வானத்திலிருந்து துருப்பிடித்த ஒரு இரும்பு வாளி இறங்கி வருகிறது. அதுதான் விண்கலம். கதவு திறந்ததும் அழுக்கு உடையில் இரண்டு பேர் வெளியே வருகிறார்கள். கன்னத்தில் தட்டிக்கொண்டு, பாதி குந்தி, கைகளை விரித்து 'கூ!' என்கிறார்கள். அந்த ஊரில் ஏறக்குறைய எல்லா வார்த்தைக்கும் பதில் அந்த ஒரே ஒரு 'கூ'தான்.

இவர்களை ஏற்றிக்கொள்ள அவர்களுக்கு மனசில்லை. கலம் கிளம்பிப் போய்விடுகிறது. வெறுத்துப்போன மேற்பார்வையாளர் ஒரு சிகரெட்டைப் பற்றவைக்கிறார். போன கலம் அப்படியே திரும்பி வருகிறது! காரணம் அவர் கையில் இருந்த தீப்பெட்டி. ப்ளியூக் என்ற அந்தக் கிரகத்தில் தீக்குச்சிதான் செல்வம். ஒரு பெட்டி தீக்குச்சி வைத்திருப்பவர் அங்கே கோடீஸ்வரர்.

மனிதர்கள் இரண்டு வகை, சாட்லன், பட்ஸாக். பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. சின்ன கருவி ஒன்றை முகத்துக்கு நேரே நீட்டினால் விளக்கு எரியும். விளக்கின் நிறத்தை வைத்துத்தான் யார் மேல், யார் கீழ் என்று முடிவாகும். கீழே இருப்பவர் மூக்கில் மணி மாட்டிக்கொள்ள வேண்டும். மேலே இருப்பவர் முன்னால் குந்த வேண்டும். பாட்டுப் பாடிப் பிழைப்பதென்றாலும் கூண்டுக்குள் நின்றுதான் பாட வேண்டும். கால்சட்டையின் நிறத்துக்கும் தனி மரியாதை. குறிப்பிட்ட நிறத்தில் கால்சட்டை போட்டவரைக் கண்டால் மற்றவர்கள் குனிந்தே ஆகவேண்டும்.

இன்னொன்று, அங்கே உள்ளவர்களால் பிறர் மனதில் ஓடுவதைப் படிக்க முடியும். ஆனாலும் ஓயாமல் பொய் சொல்கிறார்கள்!

இதெல்லாம் சிரிக்கச் சிரிக்கப் போகிறது. நடுவில் ஒரு சின்ன விஷயம் தெரியவரும்போது சிரிப்பு தொண்டையில் நின்றுவிடுகிறது. இந்தக் கிரகத்தில் ஒரு காலத்தில் கடல் இருந்திருக்கிறது. கலங்கள் பறக்க எரிபொருள் வேண்டுமே என்று, இருந்த தண்ணீரை எல்லாம் எரிபொருளாக மாற்றிவிட்டார்கள். இப்போது குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால், அந்த எரிபொருளைக் காசு கொடுத்து வாங்கித் திரும்பத் தண்ணீராக மாற்ற வேண்டும். ஆனால் ஊரை ஆளும் பெரிய மனிதருக்கு மட்டும் குளிக்கக் குளம் இருக்கிறது.

கடல் போய்விட்டது. கால்சட்டை நிற மரியாதை மட்டும் போகவில்லை. படம் சொல்ல வந்தது அதைத்தான்.

பாலைவனத்துக்குப் பக்கத்தில்...

படம் எடுக்கப்பட்ட இடத்தை நினைத்தால் இன்னும் உறைக்கிறது. அதே கரகும் பாலைவனத்தின் குறுக்கேதான் 1950-களில் தொடங்கி நீளமான கால்வாய் ஒன்று வெட்டப்பட்டது. அமு தர்யா ஆற்றின் தண்ணீரைப் பருத்தி வயல்களுக்குத் திருப்பிவிடத்தான் அந்தக் கால்வாய். அந்த ஆறு போய்ச் சேர வேண்டிய ஏரல் கடல் 1960-களிலிருந்து சுருங்க ஆரம்பித்தது. ஒரு காலத்தில் உலகின் நான்காவது பெரிய ஏரி அது. மீன்பிடித் துறைமுகமாக இருந்த மொய்நாக்கில் இன்று படகுகள் மணலில் துருப்பிடித்துக் கிடக்கின்றன. படத்தில் ஏரல் கடலின் பெயர் வருவதில்லை. ஆனால் கடலைச் செலவழித்துவிட்டு மணலில் நிற்பது எங்கோ வேற்றுக்கிரகத்தில் மட்டும் நடக்கிற கதை அல்ல.

'கூ'வுக்கு வந்த சோதனை

அந்தக் காலத்து சோவியத் யூனியனில் இப்படி ஒரு படம் எடுப்பது லேசான காரியமா? இயக்குநர் பின்னாளில் சொன்ன ஒரு கதை உண்டு. படம் தயாராகிக்கொண்டிருந்த நேரத்தில் நாட்டை ஆண்டவர் கான்ஸ்டன்டின் உஸ்தினோவிச் செர்னென்கோ. அவர் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளையும் ரஷ்ய மொழியில் சேர்த்தால் வருவது என்ன தெரியுமா? 'கூ'!

படக்குழு வெலவெலத்துப் போனது. வேறு சொல் தேடினார்கள். எதுவும் அவ்வளவு பொருத்தமாக அமையவில்லை. இந்தக் குழப்பத்துக்கு நடுவே 1985 மார்ச்சில் செர்னென்கோ காலமானார். 'கூ' பிழைத்துக்கொண்டது. ஒரே ஒரு அசைக்காகப் பெரியவர்கள் கூடிப் பயந்து யோசித்த இந்தக் கதை, படத்தில் வரும் எந்த நகைச்சுவைக்கும் குறைந்ததில்லை.

வந்த புதிதில் பலருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. போகப்போக அந்தப் படத்தின் வசனங்கள் ரஷ்யர்களின் அன்றாடப் பேச்சில் கலந்துவிட்டன. 2013-ல் அதே கதையை டனேலியா அனிமேஷனாகவும் எடுத்தார். மாணவனாக நடித்த லெவான் கப்ரியாட்ஸே பிறகு ஹாலிவுட்டில் 'அன்ஃப்ரெண்டட்' என்ற திகில் படத்தை இயக்கினார்.

இரண்டரை நிமிடப் போர்

வெளியான நாளில் கூட்டம் சேராமல், பிறகு ஒரு சின்னக் கூட்டம் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடி வாழவைக்கும் படங்களை 'கல்ட்' என்கிறார்கள். உலகம் அழிந்த பிறகு நடக்கும் டார்க் காமெடிகளில் பல இந்த வகைதான். பிரிட்டனிலும் அப்படி ஒன்று உண்டு. 1969-ல் ரிச்சர்ட் லெஸ்டர் இயக்கிய 'தி பெட் சிட்டிங் ரூம்'. பீட்டில்ஸ் குழுவை வைத்து 'எ ஹார்ட் டேஸ் நைட்' எடுத்தாரே, அதே லெஸ்டர்தான்.

இந்தக் கதையில் அணு ஆயுதப் போர் நடந்து முடிந்துவிட்டது. சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட நேரத்தையும் சேர்த்து, போர் நடந்தது மொத்தம் 2 நிமிடம் 28 விநாடி! நாட்டில் மிஞ்சியவர்கள் சுமார் இருபது பேர். மகாராணி இல்லை. அதனால் அவர் வீட்டில் வேலை பார்த்த அம்மாளுக்கு ராணி பட்டம். செய்தி வாசிப்பவர், எஞ்சிய கோட்டை மாட்டிக்கொண்டு, உடைந்த டி.வி. பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து நேரிலேயே செய்தி சொல்கிறார். பலூனில் தொங்கும் கார் கூட்டிலிருந்து இரண்டு போலீஸ்காரர்கள், 'நிற்காதே, போய்க்கொண்டே இரு' என்று மிரட்டுகிறார்கள். ஒரே இடத்தில் நின்றால் மறுபடி குண்டு விழுமாம். கதிர்வீச்சினால் ஒரு பிரபு மெல்ல மெல்ல ஒரு வாடகை அறையாகவே மாறிப்போகிறார்!

படம் படுதோல்வி. லெஸ்டரின் அடுத்த படம் வர 1973 ஆயிற்று. இன்று பார்த்தால், அந்தச் செய்தி வாசிப்பாளரை நினைத்துச் சிரிப்பதா, கண் கலங்குவதா என்று தெரியவில்லை. கேட்க ஆளில்லாத ஊரிலும் அவர் தன் வேலையை விடவில்லையே.

ஏன் பிடிக்கிறது?

உலகம் அழிவதைக் காட்டும் பிரமாண்டப் படங்களில் கட்டடங்கள் சரியும், அலைகள் எழும், நாயகன் கடைசி நொடியில் காப்பாற்றுவான். பார்த்துவிட்டு வெளியே வந்தால் மறந்துபோகும். ஏனென்றால் அங்கே நம்மைப் போன்றவர்கள் தப்பி ஓடும் கூட்டத்தில் ஒரு தலை மட்டும்தான்.

இந்த விசித்திரப் படங்கள் அப்படியில்லை. எல்லாம் போன பிறகு என்ன மிஞ்சும் என்று கேட்கின்றன. மிஞ்சுவது பூதமோ, ராட்சசனோ இல்லை. அந்தஸ்து, வாடகை, கையூட்டு, 'நான் யார் தெரியுமா' என்ற மிடுக்கு. 1991-ல் பிரான்ஸில் வந்த 'டெலிகாடெஸன்' படத்தில் பஞ்சம் தலைவிரித்தாடுகிறது. தானியமே பணமாகிவிட்டது. அப்போதும் வீட்டுச் சொந்தக்காரரான கசாப்புக் கடைக்காரருக்கு முன்னால் குடித்தனக்காரர்கள் கைகட்டி நிற்கிறார்கள். அதே வீட்டு மாடியில் ஒரு பெண் செல்லோ வாசிக்க, வேலை தேடி வந்த பழைய சர்க்கஸ் கோமாளி ரம்பத்தை வளைத்து இசையாக்கி அவளோடு சேர்ந்துகொள்கிறார். (இது குழந்தைகளோடு பார்க்கும் படம் அல்ல.)

சிரிப்பு இங்கே சர்க்கரைப் பூச்சு மாதிரி. பயமுறுத்தினால் மனசு கதவைச் சாத்திக்கொள்ளும். சிரிக்க வைத்தால் திறந்துவிடும். மூக்கு மணியைப் பார்த்துச் சிரித்து முடிப்பதற்குள், தன் அலுவலகத்தில் யார் முன்னால் யார் குந்துகிறார்கள் என்ற கணக்கு பார்ப்பவர் மனதில் ஓட ஆரம்பித்துவிடும்.

மிச்சம் இருப்பது இன்னொன்றும்

(படத்தைப் பார்க்கப் போகிறவர்கள் இங்கே நிறுத்திக்கொள்ளலாம்.)

கலத்தில் வந்த அந்த இருவரும் விளாதிமிரையும் மாணவனையும் ஏமாற்றாத நாளில்லை. தீக்குச்சியைப் பிடுங்கினார்கள், பொய் சொன்னார்கள், காட்டிக்கொடுத்தார்கள். கடைசியில் அவர்களே இரும்புப் பெட்டிச் சிறையில் அடைபடுகிறார்கள். அந்த நேரம் பார்த்து, வெறுங்காலோடு நின்ற அதே பழைய ஆள் வந்து, 'இப்போதே பூமிக்கு அனுப்பிவிடுகிறேன்' என்கிறார்.

வீடு, மனைவி, படிப்பு, எல்லாம் ஒரு பொத்தான் தூரத்தில். ஆனாலும் இவர்கள் கிளம்புவதில்லை. அந்த இரண்டு திருடர்களை விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. வீர வசனம் கிடையாது. பின்னணி இசை உரக்க முழங்குவதில்லை. கடைக்குக் கிளம்பிய ஒரு சாதாரண மனிதர், செய்ய வேண்டியதைச் செய்கிறார், அவ்வளவுதான்.

பிறகு ஒருவழியாக மாஸ்கோவில் பழையபடி காலை விடிகிறது. நடந்தது எதுவும் நினைவில்லை. மறுபடி 'ரொட்டியும் மக்ரோனியும்.' தெருவில் அந்த மாணவன் எதிரே வருகிறான். ஒருவரை ஒருவர் தெரியவில்லை. அப்போது தலையில் ஆரஞ்சு விளக்கு சுழல ஒரு டிராக்டர் கடந்துபோகிறது. ப்ளியூக் கிரகத்துப் பழக்கம் விடுமா? இருவரும் சட்டென்று குந்தி, கைகளை விரித்து, 'கூ!' என்கிறார்கள்.

நிமிர்ந்து பார்க்கிறார்கள். அடையாளம் தெரிந்துவிடுகிறது. விளாதிமிர் வானத்தைப் பார்க்கிறார். எங்கோ தொலைவிலிருந்து அந்த இரண்டு திருடர்களின் பாட்டு கேட்கிறது.

தீக்குச்சிக்கு விலை வைத்த கிரகத்தில், விலை சொல்ல முடியாத ஒன்று மிஞ்சியிருந்தது. அதைத்தான் அவர்கள் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள்.