அணு உலைக்கு வாய்தா, உழவனுக்கு நோட்டீசா?



நமக்குக் கிழக்கே கல்பாக்கத்தில், இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் வடிவமைத்த 500 மெகாவாட் அதிவேக ஈனுலைக்கு 2003-ல் ரூ.3,492 கோடி ஒதுக்கினார்கள். 2010-ல் முடியும் என்றார்கள். 2004 சுனாமியில் அஸ்திவாரக் குழிக்குள்ளேயே கடல் புகுந்தது. சர்க்கார் கைவிட்டதா? இல்லை. செலவு ரூ.5,677 கோடியையும் தாண்டியது. உலையின் மையக்கருவை நிரப்ப ஆரம்பித்ததே 2024 மார்ச்சில்தான்!

விஞ்ஞானிகள் மேல் நமக்குக் கோபமில்லை. புதுசா ஒண்ணு செய்யறவங்களுக்கு நாள் பிடிக்கத்தான் செய்யும். ஆனா ஏரித் தண்ணி ஏறி நம்ம நெல்லு அழுகினா? 33 சதவீதம் சேதம்னு அதிகாரி எழுதினாத்தான் பயிர்க்கடன் தவணை நீளுமாம். 30 சதவீதம் போனவன் என்ன, மண்ணையா தின்பான்?

நாம் கோடி கேட்கவில்லை. வெள்ளம் நின்ற வயலுக்கெல்லாம், சதவீதம் பார்க்காமல், ஒரு போகம் தவணை கொடு!