கறுப்பு வெள்ளைதானே என்கிறார்கள்



என் வகுப்பில் பயிலும் மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் இரண்டு வாரங்களாகக் கழிவறைக்குத் தனியே செல்ல மறுத்தான். துணைக்கு ஒரு நண்பன் வேண்டும். அவன் வெளியில் நின்று பேசிக்கொண்டே இருக்கவும் வேண்டும். தந்தையாரை அழைத்து விசாரித்தேன். புதிதாக வாங்கிய பெரிய தொலைக்காட்சியில் ‘சைக்கோ’ திரைப்படத்தை 4கே வட்டில் போட்டுப் பார்த்ததாகச் சொன்னார். “பழைய கறுப்பு வெள்ளைப் படந்தானே சார், இதில் என்ன பயம்?” என்று சிரித்தார். பிறகு பத்து நிமிடம் படத்தின் தெளிவைப் பற்றியே பேசினார். மகனைப் பற்றிப் பேச எனக்குக் கிடைத்தது இரண்டே நிமிடம்.

சொல்ல முடியாமற்போனதை இங்கே எழுதுகிறேன்.

நான் திரைப்படங்களைத் தூற்றும் ஆசிரியன் அல்லன். ராபர்ட் பிளாக் 1959இல் வெளியிட்ட நாவலைத் தழுவி, ஆல்பிரட் ஹிட்ச்காக் 1960இல் இயக்கி வெளியிட்ட இந்தப் படத்தைப் பலமுறை வியந்து பார்த்தவன். ஆகவே, தடை செய் என்று கூச்சலிடுவோர் கூட்டத்தில் என்னைச் சேர்க்க வேண்டா. என் வழக்கு வேறு.

கறுப்பு வெள்ளை என்றால் சாதுவான படம் என்று யார் சொன்னது? அதற்கு முன்பே ஹிட்ச்காக் வண்ணப் படங்கள் எடுத்திருந்தார். இதனைக் கறுப்பு வெள்ளையில் எடுத்ததற்குச் செலவு ஒரு காரணம்; செந்நிறக் குருதி அளவுக்கு மீறி அருவருப்பூட்டும் என்பது மற்றொன்று. குளியலறையில் ஓடும் இரத்தம் உண்மையில் சாக்லெட் பாகு. ஒரு நிமிடத்திற்கும் குறைவான அந்தக் கொலையைப் படமாக்க ஏறத்தாழ ஒரு வாரம் ஆனது. கத்தி, வாய், கை, நீர், மீண்டும் கத்தி என்று துண்டு துண்டாக வந்து விழும் காட்சிகள். அவற்றின் மேல் பெர்னார்ட் ஹெர்மனின் நரம்பிசைக் கருவிகள் மட்டுமே எழுப்பும் அலறல். காட்டாமல் விட்டதைப் பார்ப்பவன் மனமே வரைந்து முடிக்கிறது. வளர்ந்தவன் வரைந்து முடித்து, இது படம் என்று அழித்தும் விடுவான். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு வரையத் தெரியும், அழிக்கத் தெரியாது.

படம் தொடங்கிய பிறகு எவரையும் அரங்கினுள் விடக்கூடாது என்று ஹிட்ச்காக் அன்று கட்டளையிட்டிருந்தார். விளம்பர உத்திதான், மறுக்கவில்லை. ஆனாலும் அதில் நியாயம் உண்டு. அலுவலகத்துப் பணம் 40,000 டாலரைத் திருடிக்கொண்டு ஓடும் ஒரு பெண், வழியெல்லாம் அஞ்சி, கடைசியில் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று மனம் மாறிய பிறகே குளியலறைக்குள் செல்கிறாள். தொடக்கம் முதல் அமர்ந்திருப்பவனுக்கு அது ஒரு கதை. டியூஷன் முடிந்து வந்து, பையைக் கீழே வைத்துவிட்டு வரவேற்பறையில் நிமிர்ந்து பார்க்கும் பையனுக்கு? அவன் பார்த்தது கத்தியை மட்டும். நம் வீட்டு வரவேற்பறைக்கு வாயிற்காவலர் இல்லை.

இனி, தந்தையார் மெச்சிய தெளிவுக்கு வருகிறேன். இப்படம் 2010இல் புளூ-ரேயாகவும் 2020இல் 4கே வட்டாகவும் வந்தது. வட்டின் மேல் குறை இல்லை. 35 மில்லிமீட்டர் படச்சுருளின் மணிகள் கூடத் தெரியும். ஆனால் 2020ஆம் ஆண்டு வட்டில், பின்னாளில் வெட்டப்பட்ட சில விநாடிகளும் சேர்ந்த வடிவம் உள்ளது. கொலைக்குப் பின் கைகளிலுள்ள இரத்தம் சற்றுக் கூடுதல் நேரம் தெரிகிறது. இரண்டாவது கொலையில் கத்திக்குத்துகளும் கூடுதல். “சிறு வயதில் டிவியில் பார்த்த படந்தான்” என்னும் பெற்றோரே, நீங்கள் அன்று பார்த்தது இதுவன்று.

“நேரில் நடப்பதைப் போலவே இருக்கிறது சார்” என்றார் அவர். எனக்குப் புரிந்துவிட்டது. விநாடிக்கு 24 படங்களாக எடுக்கப்பட்டதன் இடையிடையே, தானே படங்களைக் கற்பித்துச் செருகும் வசதி புதிய தொலைக்காட்சிகளில் உண்டு. பலவற்றில் அது கடையிலிருந்து வரும்போதே இயங்கிக்கொண்டிருக்கும். அதை அணைத்துவிடுங்கள் என்று நடிகர் டாம் குரூஸ் 2018இல் ஒரு காணொளியே வெளியிட்டார். அந்தப் படமணிகளை அழுக்கென்று எண்ணித் துடைத்துவிடும் வசதியும் உண்டு. இரண்டையும் முடுக்கிவிட்டு, திரைப்படத்தைப் பக்கத்து வீட்டுச் சம்பவமாக்கிவிட்டு, தெளிவு, தெளிவு என்று பூரிக்கிறோம். இது படம் என்று குழந்தைக்கு நினைவூட்ட மிஞ்சியிருந்த கொஞ்சத்தையும் காசு கொடுத்து அழித்திருக்கிறோம். கலைக்கும் கேடு, பிள்ளைக்கும் கேடு. தொலைக்காட்சி விற்பவர் மட்டும் மகிழ்கிறார்.

ஆசிரியர்களாகிய நாமும் யோக்கியர்கள் அல்லர். ஓய்வறையில் எத்தனை அங்குலம், எத்தனை ரிங்கிட் என்று பேசுகிறோமே தவிர, இரவு பத்து மணிக்கு அதன் முன்னால் யார் யார் அமர்ந்திருந்தார்கள் என்று நம்முள் ஒருவர் கேட்டதுண்டா? நானும் கேட்டதில்லை, இந்தப் பையன் கழிவறை வாசலில் நிற்கும் வரை.

சென்ற வாரம் தந்தையார் மீண்டும் அழைத்தார். அந்த வசதியை எங்கே அணைப்பது என்று கேட்டார், சொன்னேன். பையன் எப்படி இருக்கிறான் என்றேன். இப்போதெல்லாம் விளக்கை அணைக்க விடுவதில்லை என்றார்.